பாத்திரத்துக்கும் பர்னருக்கும் நடுவே

எரிவாயு அடுப்பு வடிவமைப்பைப் பற்றி நமக்கு வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே எண்ணில் போய் முடிகின்றன. வெப்பத் திறன் இத்தனை சதவீதம் என்பார்கள். எந்தப் பாத்திரத்தை வைத்தார்கள், பர்னர் தலைக்கும் பாத்திரத்தின் அடிப்பாகத்துக்கும் எவ்வளவு உயரம் விட்டார்கள், அந்த உயரத்தில் புகையில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு இருந்தது என்ற மூன்றும் சொல்லப்படுவதில்லை. இவை இல்லாமல் திறன் எண்ணை மட்டும் படிப்பதால் வடிவமைப்பாளருக்குப் பயனில்லை. சில வேளைகளில் அது ஆபத்தாகவும் முடியும். ஏன் என்பதை இந்த இதழில் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டு எல்பிஜி அடுப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 4246. அது கேட்கும் குறைந்தபட்ச வெப்பத் திறன் 68 சதவீதம். மீதி 32 சதவீதம் எங்கே போகிறது என்று பட்டறையில் கேட்டால், 'கேஸ் சரியா எரியல' என்பதே வழக்கமான பதில். நல்ல நீலச் சுவாலை உள்ள பர்னரில் அந்தப் பதில் பொருந்தாது. அங்கே கேஸ் ஏறக்குறைய முழுவதுமாக எரிந்துவிடுகிறது. பிறந்த சூடு பாத்திரத்தில் ஏறாமல் பக்கவாட்டில் வழிந்து அடுக்களைக் காற்றில் கலந்துவிடுகிறது. ஒரு பங்கு பாத்திரம் தாங்கும் ஸ்டாண்டையும் அடுப்பின் உடலையும் காய்ச்சுவதில் போகிறது. எரிபொருளை மிச்சப்படுத்தும் பர்னர் என்றால், சூட்டைப் பாத்திரத்தின் அடியில் கொண்டுபோய் ஒப்படைக்கும் பர்னர் என்றே பொருள்.

இதை ஒப்புக்கொண்டால் வடிவமைப்பைத் தொடங்கும் இடமே மாறிவிடுகிறது. பாத்திரத்தின் அடியிலிருந்து தொடங்கி, கீழ்நோக்கி, கேஸ் பீறிடும் சிறு துளையான ஜெட் வரை வர வேண்டும். நம்மில் பலரும் ஜெட்டிலிருந்து மேல்நோக்கிப் போகிறோம். கடைசியில், ஏற்கெனவே வார்த்து வைத்திருக்கும் ஏதோ ஒரு ஸ்டாண்டை மேலே பொருத்திவிடுகிறோம்.

பாத்திரம் அதிக உயரத்தில் இருந்தால் சுற்றியுள்ள குளிர்ந்த காற்று சூடான வாயுவோடு கலந்து அதன் வெப்பநிலையை இறக்கிவிடும், திறன் விழும். தாழ்த்தினால் திறன் ஏறும். ஆனால் ஒரு கட்டத்துக்குக் கீழே இறக்கும்போது சுவாலையின் உட்கூம்பு, அதாவது அடர்நீலமாகத் தெரியும் கூர்முனை, தண்ணீரால் குளிர்ந்திருக்கும் உலோகத்தைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் எரிதல் பாதியில் அணைகிறது. பாத்திரத்துக்கும் பர்னருக்கும் நடுவே காற்று நுழையும் வழியும் குறுகுகிறது. கார்பன் மோனாக்சைடு சட்டென்று ஏறும்.

திறன் சோதனை இந்த ஏற்றத்தைக் காட்டிக்கொடுக்காது. தரநிலையின்படி புகையில் கார்பன் மோனாக்சைடுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் உள்ள விகிதம் 0.02-ஐத் தாண்டக் கூடாது. அந்த வரம்பைச் சரியாகத் தொட்டு நிற்கும் ஓர் அடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எரிபொருளிலுள்ள கார்பனில் ஏறக்குறைய 2 சதவீதம் பாதி எரிந்து வெளியேறுகிறது. அதனால் இழக்கும் சூடு எவ்வளவு என்று புரொபேனுக்குக் கணக்குப் போட்டால் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் வருகிறது. பாத்திரத்தைச் சில மில்லிமீட்டர் தாழ்த்துவதால் கிடைக்கும் லாபம் இந்த நஷ்டத்தை எளிதில் மூடிவிடும். திறன் எண் அழகாக ஏறிக்கொண்டே போகும். வரம்பைத் தாண்டி நச்சும் ஏறிக்கொண்டே போகும். மழைக்காலத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமைக்கும் ஓர் அறை வீட்டில் அந்த வாயுவைச் சுவாசிப்பவர்களை நினைத்துப் பார்க்காமல் ஸ்டாண்டின் உயரத்தைத் தீர்மானிக்க நமக்கு உரிமையில்லை. ஆகவே திறன், கார்பன் மோனாக்சைடு விகிதம் என்ற இரண்டு எண்களும் ஒரே உயரத்தில், ஒரே சோதனையில், பக்கத்துப் பக்கத்தில் எழுதப்பட வேண்டும்.

அப்படியானால் நச்சு ஏறாமல் பாத்திரத்தைத் தாழ்த்த வழி என்ன? உட்கூம்பைக் குட்டையாக்குவதுதான். பர்னரின் மற்ற உறுப்புகள் எல்லாம் இந்த ஒரு வேலைக்காக இருக்கின்றன என்றே சொல்வேன். கூம்பைக் குட்டையாக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, துளைக்கு வருமுன்பே கேஸோடு கூடுதல் காற்றைக் கலப்பது. மற்றது, துளைகளைச் சிறிதாக்கி எண்ணிக்கையைக் கூட்டுவது.

காற்றுக் கணக்கை முதலில் பார்ப்போம். ரெகுலேட்டரிலிருந்து வரும் அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு 30 கிராம். அந்த அழுத்தத்தில் எல்பிஜி ஜெட்டை விட்டு வினாடிக்கு ஏறக்குறைய 50 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. 0.7 மி.மீ. ஜெட் என்றால் மணிக்குச் சுமார் 60 லிட்டர், எடையில் 130 கிராமை ஒட்டி, வெப்பத்தில் 1.7 கிலோவாட். ஒரு லிட்டர் எல்பிஜி முழுவதும் எரிய 28 லிட்டர் அளவில் காற்று வேண்டும். அதில் பாதியையோ, பாதிக்குச் சற்று மேலாகவோ கேஸும் காற்றும் கலக்கும் மிக்சிங் டியூபுக்குள்ளேயே இழுத்துக்கொண்டால் நல்ல பர்னர். அந்தக் காற்றை இழுப்பதற்கு விசிறி கிடையாது, மோட்டார் கிடையாது. பாய்ந்து வரும் அந்த மெல்லிய கேஸ் தாரையின் உந்தம் ஒன்றுதான் இருக்கிறது.

அந்த உந்தத்தை வீணாக்கும் தவறுகள் நம் பட்டறைகளில் அன்றாடம் நடக்கின்றன. ஜெட்டின் வாயில் பிசிறு நிற்கிறது. ஜெட்டின் மையமும் டியூபின் மையமும் ஒரே கோட்டில் இல்லை. வார்ப்பு மணல் ஒட்டிய சொரசொரப்பு டியூபின் உட்சுவரில் அப்படியே விடப்படுகிறது. குறுகலான தொண்டைப் பகுதிக்குப் பிறகு டியூப் மெல்ல விரிய வேண்டிய இடத்தில் திடீரென்று அகலமாகிறது. இவற்றில் எதையும் சரிசெய்ய விலையுயர்ந்த எந்திரம் தேவையில்லை, கவனம்தான் தேவை. ஒரு பர்னர் மஞ்சளாக எரிகிறது என்றால் முதலில் துளைகளைக் குடைவதை விட்டுவிட்டு டியூபுக்குள் ஒரு விளக்கைப் பிடித்துப் பாருங்கள்.

துளைகளின் மொத்தப் பரப்புக்கு வருவோம். ஒரு சதுர மி.மீ.க்கு 8 முதல் 10 வாட் என்பது தொடக்கத்துக்கு நம்பகமான அளவு. மேற்சொன்ன 1.7 கிலோவாட் பர்னருக்கு ஏறக்குறைய 200 ச.மி.மீ. வரும். 2 மி.மீ. துளை என்றால் 64 துளைகள், 1.5 மி.மீ. என்றால் 113. இரண்டாவதில் கூம்பு குட்டை. சுவாலை உள்ளே பின்வாங்கும் அபாயமும் குறைவு. தாளில் எல்லா வகையிலும் அதுவே சிறந்தது. ஆனால் நம் அடுப்பில் பால் பொங்கும், சாதக் கஞ்சி வழியும். 1.5 மி.மீ. துளை ஒரே வாரத்தில் அடைபடும். வீட்டுக்காரம்மா ஊசியால் குத்துவார். கால் பங்கு துளைகள் அடைபட்ட நிலையில் மீதித் துளைகளில் வேகம் கூடிச் சுவாலை எழும்பி ஆடும். வடிவமைப்பாளர் தன் சோதனை மேசையில் பெற்ற திறன் அந்த வீட்டில் கிடைப்பதே இல்லை. அதனால்தான், துளையிட்ட மூடியைவிட, வாள்வெட்டுக் கீற்றுகள் போட்ட, தனியாகக் கழற்றிப் பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவி மறுபடி சரியாக உட்கார வைக்கக்கூடிய பித்தளை மூடியையே நான் விரும்புகிறேன். எளிமையான பர்னர் என்பதை உறுப்புகளின் எண்ணிக்கையை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. கழுவிய பிறகு தப்பாகப் பொருத்த முடியாதபடி இருக்க வேண்டும். மூடிக்கும் உடலுக்கும் நடுவே கசியாமல் இருக்க வேண்டும். தெருமுனை மெக்கானிக்கின் கையில் பழையபடி ஆகக்கூடியதாக இருக்க வேண்டும்.

சிம்மில் எரியும் சுவாலையைப் பற்றி நம் கட்டுரைகள் ஏனோ பேசுவதில்லை. ஐ.எஸ். சோதனையில் அடுப்பு முழுச் சுவாலையில் எரிகிறது. மூடிய அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் 90 பாகை செல்சியஸுக்கு ஏறும்வரை அளக்கிறார்கள். பாத்திரத்தின் விட்டமும் தண்ணீரின் அளவும் பர்னரின் கேஸ் செலவுக்கு ஏற்பத் தரநிலையிலேயே குறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரே அளவுகோல் வேண்டும் என்பதால் அது சரியே. ஆனால் நம் சமையலில் பெரும்பொழுது கொதி வந்த பிறகுதான் நகர்கிறது. குழம்பு வற்றுவதும் பருப்பு குழைவதும் சிறு தீயில். குழாயைத் திருகித் தீயைக் குறைக்கும்போது ஜெட்டுக்கு வரும் அழுத்தம் குறைகிறது. கேஸும் காற்றும் ஏறக்குறைய அதே விகிதத்தில் சேர்ந்து குறைகின்றன. துளைகளில் கலவையின் வேகம் விழுகிறது. சுவாலை எதிர்த்திசையில் பயணிக்கும் வேகத்தைவிட அது தாழ்ந்தால் சுவாலை உள்ளே புகுந்து ஜெட்டில் எரியத் தொடங்கும். இந்தப் பயத்தால் பல தயாரிப்பாளர்கள் சிம்மின் கீழ்வரம்பையே உயர்த்தி வைத்துவிடுகிறார்கள். தேவைக்கு இருமடங்கு தீயில் குழம்பு தேவையின்றித் தளதளக்கிறது. நீராவியாக வெளியேறும் அந்தச் சூடு திறனைக் காட்டும் எந்த நட்சத்திர முத்திரையிலும் பதிவாவதில்லை. துளையின் ஆழத்தைக் கூட்டியும் விட்டத்தை 2 மி.மீ.க்குள் நிறுத்தியும் சிம்மை இன்னும் தாழ்த்த முடியும். அதற்கு உழைப்பது முழுத் தீயில் இன்னொரு சதவீதத்தைத் துரத்துவதைவிட வீட்டுக்கு அதிகம் மிச்சம் தரும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனாலும் அந்தச் சதவீதங்களையும் நான் அலட்சியம் செய்யவில்லை. 68-லிருந்து 70-க்கு ஏறினால் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றில் சுமார் 400 கிராம் மிச்சம். ஆண்டுக்கு 3 கோடி டன்னை ஒட்டி எல்பிஜி செலவழித்து, அதில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் அது சின்ன அளவில்லை. 2006-2011 ஆட்சிக் காலத்தில் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச அடுப்பு கொடுத்தது. 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டம் நாடெங்கும் கோடிக்கணக்கான வீடுகளுக்கு இணைப்பைக் கொண்டுபோனது. இணைப்பு கிடைத்த பிறகு அந்த வீடுகளில் கவலையெல்லாம் அடுத்த சிலிண்டருக்கான காசைப் பற்றித்தான். சிலிண்டர் எத்தனை நாள் வரும் என்பதில் நம் தொழிலுக்கும் பங்கு இருக்கிறது.

அந்தப் பங்கைக் கெடுக்கும் பழக்கம் ஒன்று ஊர்தோறும் உண்டு. 'தீ பத்தலை' என்று ஒருவர் வந்து சொன்னால் உடனே ஜெட்டைக் குடைந்துவிடுவது. 0.7 மி.மீ. ஜெட் 0.8 ஆனால் கேஸ் செலவு 31 சதவீதம் கூடும். துளைப்பரப்பும் ஸ்டாண்டின் உயரமும் பழையபடியே இருக்கும். கூம்பு நீண்டு பாத்திரத்தில் மோதும். தீ ஓரங்களில் ஏறிப் பாத்திரத்தின் கைப்பிடியைச் சுடும். தீ பெரிதாகத் தெரிவதால் வாடிக்கையாளர் திருப்தியோடு போவார். சிலிண்டர் சீக்கிரம் தீரும்போது ஏஜென்சிக்காரர் எடை குறைத்துவிட்டதாகச் சந்தேகப்படுவார்.

எண்ணூரில் 2019-ல் திரவ இயற்கை எரிவாயு முனையம் தொடங்கிய பிறகு குழாய்வழி எரிவாயு நம் நகர வீடுகளுக்கும் வந்துகொண்டிருக்கிறது. எல்பிஜி அடுப்பை அதற்கு மாற்றித் தருவது இப்போது பெருகிவரும் வேலை. ஜெட்டைப் பெரிதாக்கத்தான் வேண்டும். எவ்வளவு என்பதில் ஊகம் கூடாது. வீட்டுக்குழாயில் அழுத்தம் 21 மில்லிபார். எல்பிஜிக்கு 29-ஐ ஒட்டி. குழாய்வழி எரிவாயுவில் பெரும்பகுதியான மீத்தேனின் வோபே எண் (ஒரே ஜெட்டில், ஒரே அழுத்தத்தில் கிடைக்கும் வெப்பத்தின் அளவுகோல்) எல்பிஜியினுடையதில் ஐந்தில் மூன்று பங்குதான். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஜெட்டின் பரப்பு ஏறக்குறைய இருமடங்காக, விட்டம் 1.4 மடங்காக வேண்டும். அதாவது 0.7 இருந்த இடத்தில் 1 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. அதைக் கையால் குடையாமல், அளவிட்டுக் கடைந்த புது ஜெட்டாகவே மாற்றுங்கள். ஜெட்டோடு வேலை முடிந்துவிடுவதும் இல்லை. அதே வெப்பத்துக்குத் துளைகள் வழியே வெளியேறும் கலவையின் அளவு கொஞ்சம் கூடுகிறது. சுவாலை துளையை விட்டு எழும்புகிறதா என்றும், கூம்பின் முனை பாத்திரத்தைத் தொடுகிறதா என்றும் பார்த்து ஸ்டாண்டைத் திருத்த வேண்டும். குழாய்வழி எரிவாயுவுக்கென்றே வடிவமைத்த அடுப்பு வாங்கும் வசதி வாடிக்கையாளருக்கு இருந்தால் அதையே பரிந்துரைப்பது நேர்மை.

சாண எரிவாயுவில் நிலைமை இன்னும் கடினம். அதில் ஐந்தில் இரண்டு பங்கு வரை கார்பன் டை ஆக்சைடு இருப்பதால் சுவாலையின் வேகம் மிகக் குறைவு. எல்பிஜி பர்னரை அதில் மாட்டினால் தீ எழும்பி அணையும். அதற்கான தரநிலை, ஐ.எஸ். 8749, கேட்கும் திறனே 55 சதவீதம்தான். அதைத் தனிக் கட்டுரையாகவே எழுத வேண்டும். களத்தில் இருப்பவர்கள் எழுத முன்வாருங்கள்.

குவகாத்தி ஐஐடியில் சிலிகான் கார்பைடு நுண்துளைப் பர்னர்களில் நடந்திருக்கும் ஆய்வுகள் 70-ஐத் தாண்டிய திறனைக் காட்டுகின்றன. சுவாலைக்குப் பதிலாகத் தணல் போன்ற கதிர்வீச்சால் பாத்திரத்தைச் சூடாக்கும் அந்தப் பாதையை நான் மதிக்கிறேன். உடைந்தால் உள்ளூரில் கிடைக்குமா, பால் பொங்கி வழிந்தால் என்ன ஆகும் என்ற கேள்விகளுக்கும் அந்த ஆய்வுகள் விடை தேடட்டும். அதுவரை பித்தளை மூடியும் வார்ப்பு டியூபும் கொண்ட நம் பழைய பர்னரில் செய்ய வேண்டிய வேலை நிறைய மிச்சமிருக்கிறது. 1855-ல் ஹைடல்பர்க்கில் வேதியியலாளர் பன்சன் தன் பர்னரைச் சிந்தித்தபோது அதைக் கடைந்து உருவாக்கியவர் பீட்டர் டெசாகா என்ற கருவி வல்லுநர்.  கலவைக் குழாயின் அளவுகளைக் கையால் சரிபார்ப்பதைத் தவிர இன்றும் வேறு குறுக்குவழி கிடையாது.

அடுத்த இதழ் முதல், பர்னர் பற்றிய எந்தக் கட்டுரையையும் ஐந்து அளவுகளோடுதான் ஏற்போம்: ஜெட்டின் விட்டம், தொண்டையின் விட்டம், துளைகளின் மொத்தப் பரப்பு, பர்னர் தலையிலிருந்து பாத்திரத்தின் அடிவரை உள்ள உயரம், சிம்மில் நிலையாக எரியும் குறைந்தபட்ச கேஸ் செலவு. திறனும் கார்பன் மோனாக்சைடு விகிதமும் அதே உயரத்தில் அளந்தவையாக இருக்க வேண்டும். முடிந்தால் அந்த உயரத்துக்கு மேலும் கீழும் இரண்டு இரண்டு மி.மீ. மாற்றி அளந்த எண்களையும் சேர்த்து அனுப்புங்கள். புகை அளக்கும் கருவி இல்லாத சிறு தயாரிப்பாளர்கள் தங்கள் ஊரின் பொறியியல் கல்லூரி ஆய்வகத்தை அணுகலாம். அப்படிக் கூட்டாகச் செய்த சோதனைகளுக்கு இதழில் முதலிடம் தருவோம். வரைபடங்களை முழுப் பக்க அளவில் அச்சிடுவோம்.