சீதோனில் ஒரு நாள்



அப்போஸ்தலருடைய நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தைத் திறந்தவுடன் நம் கண்கள் புயலைத் தேடி ஓடுகின்றன. யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்று, கரை காணாத 14 நாட்கள், 276 உயிர்கள், உடைந்த கப்பல் என்று பிரசங்கிகளாகிய எங்களுக்கும் அங்கேதான் பொருள் மிகுதி. நானும் பலமுறை அந்தப் புயலைப் பிரசங்கித்திருக்கிறேன். அதற்கு முன் வரும் 3-ஆம் வசனத்தில் ஒருமுறையும் நின்றதில்லை. இந்த வாரம் அந்த வசனம் என்னை விடவில்லை.

பவுல் செசரியாவில் 2 ஆண்டுகளுக்கு மேலாகக் காவலில் இருந்தவர். இராயனுக்கு அபயமிட்டதனால் ரோமாபுரிக்கு அனுப்பப்படுகிறார். அகுஸ்து பட்டாளத்தைச் சேர்ந்த யூலியு என்னும் நூற்றுக்கு அதிபதியிடம் அவர் ஒப்புவிக்கப்படுகிறார். அதிரமித்தியம் ஊர்க் கப்பல் புறப்பட்டு, வடக்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் கடந்து, மறுநாளே சீதோன் துறையைப் பிடிக்கிறது. இன்றைய லெபனோன் நாட்டின் சைதா நகரம் அது. அங்கே யூலியு, கைதியாகிய பவுல் தம்முடைய சிநேகிதரிடத்தில் போய்ப் பராமரிப்படைய உத்தரவு கொடுக்கிறான். அடுத்த வசனத்தில் கப்பல் புறப்பட்டுவிடுகிறது. காற்று எதிராக இருக்கிறது.

நடந்தது இவ்வளவே. அந்த வீட்டில் என்ன பரிமாறினார்கள், என்ன பேசினார்கள், பவுல் படுத்து உறங்கினாரா என்று லூக்கா ஒன்றும் எழுதவில்லை. பிரசங்கம் செய்ததாகவும் எழுதவில்லை, அற்புதம் நடந்ததாகவும் எழுதவில்லை. ஆயினும் பரிசுத்த ஆவியானவர் இந்தச் சிறு இளைப்பாறுதலை வேதத்தில் இடம்பெறச் செய்திருக்கிறார். இதைப் பற்றி என் மனதில் உள்ளதை உங்களிடம் ஒளிவின்றிச் சொல்ல விரும்புகிறேன்.

‘பராமரிப்பு’ என்று நம் வேதத்தில் உள்ள இடத்தில் கிரேக்க மூலத்தில் ‘எப்பிமெலேயா’ என்னும் சொல் நிற்கிறது. இந்தப் பெயர்ச்சொல் புதிய ஏற்பாட்டில் இந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. ஆனால் இதனோடு பிறந்த வினைச்சொல்லை நீங்கள் அறிவீர்கள். லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் நல்ல சமாரியன் காயப்பட்டவனுக்குச் செய்தது இதுவே. 1 தீமோத்தேயு 3:5-இல் ஒரு கண்காணி தேவனுடைய சபைக்குச் செய்ய வேண்டியது என்று பவுல் எழுதுவதும் இதுவே. பிறரைப் பராமரிக்கும்படி போதித்தவர், சீதோனில் தாமே பராமரிக்கப்பட இறங்கிப் போகிறார்.

நம்மில் பலருக்கு இதுதான் கடினம். கொடுக்கத் தெரிந்த நமக்கு வாங்கத் தெரியவில்லை. “எனக்குக் கர்த்தர் போதும்” என்று சொல்லி உதவியை மறுத்துவிடுகிறோம். அதை விசுவாசம் என்றும் எண்ணிக்கொள்கிறோம். பவுலைப் பாருங்கள். ரோமாபுரியிலும் நீ சாட்சிகொடுக்க வேண்டும் என்று கர்த்தர் தாமே இரவில் அருகில் நின்று அவருக்கு உறுதி சொல்லியிருந்தார். அந்த வாக்குத்தத்தத்தைப் பெற்றவரே ஒரு நாள் நண்பர் வீட்டில் இளைப்பாறத் தயங்கவில்லை. வாக்குத்தத்தம் ஆத்துமாவைத் தாங்குகிறது. அதனால் சோர்ந்த சரீரத்திற்கு ஒரு பாயும் ஒரு வாய் உணவும் வேண்டாம் என்று ஆகிவிடாது. சீதோனுக்கு அடுத்த சாறிபாத்தில்தானே கர்த்தர் ஒரு விதவையின் கையினால் எலியாவைப் போஷித்தார்?

இனி அந்தச் சிநேகிதரை எண்ணிப் பாருங்கள். ஸ்தேவானின் மரணத்தையொட்டி எழுந்த உபத்திரவத்தினால் சிதறியவர்கள் பெனிக்கே நாடுவரைக்கும் வந்தார்கள் என்று 11-ஆம் அதிகாரம் சொல்கிறது. சீதோன் அந்த நாட்டுப் பட்டணம். அந்த நாட்களில் வீடுவீடாய் நுழைந்து சபையைப் பாழாக்கியவர் சவுல். அப்படியானால், அவருக்குப் பயந்து ஓடிவந்தவர்களோ அவர்களுடைய பிள்ளைகளோ அன்று அவருக்குக் கதவைத் திறந்தவர்களுள் இருந்திருக்கலாம். மேலும், அருகிலிருக்கும் தீருவின் சீஷர்கள் எருசலேமுக்குப் போக வேண்டாம் என்று அவரை முன்னமே எச்சரித்திருந்தார்கள். “அன்றே சொன்னோமே” என்று ஒரு வார்த்தை சொல்ல அந்த நாட்டில் இடம் இருந்தது. அப்படி யாரும் சொன்னதாக லூக்கா எழுதவில்லை. அரசாங்கத்தின் கைதி, காவலோடு, வழக்கு முடியாத நிலையில், வாசலில் வந்து நிற்கிறார். அவர்கள் அவரை உள்ளே அழைத்துப் பராமரித்தார்கள்.

இங்கே என் குற்றம் ஒன்றை அறிக்கையிட வேண்டும். முன்பு நான் ஊழியம் செய்த ஓர் ஊரில், நம்முடைய குடும்பம் ஒன்றின் மகன் ஒரு வழக்கில் சிறைக்குச் சென்றான். செய்தி அன்றே என் காதுக்கு வந்தது. நான் 9 நாட்கள் கழித்துப் போனேன். முழு விவரமும் தெரியட்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். போனபோது வேதாகமத்தைத் திறந்தேன், ஆலோசனை சொன்னேன், நீண்ட ஜெபம் செய்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட அந்தத் தாய் கடைசியில் சொன்னார்: “ஐயா, முதல் நாள் ராத்திரி பக்கத்து வீட்டு அக்கா சோறு கொண்டு வந்தாங்க. எதுவும் கேக்கல. நான் சாப்பிடுற வரைக்கும் கூடவே உக்காந்திருந்தாங்க.”

அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் நம் சபையைச் சேர்ந்தவரல்லர். யூலியுவும் சபையைச் சேர்ந்தவனல்லன். தயவு நம் வேலிக்கு வெளியே இருந்து வந்தபோது நான் வேலிக்குள்ளே விவரம் சேகரித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குடும்பம் சில மாதங்களில் ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டது. அந்தத் தாயின் சம்மதத்தோடே இதை எழுதுகிறேன்.

ஆகவே என் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். நம்முடைய வீடு சந்திப்புகளில் போதனை மிகுதி, பராமரிப்பு குறைவு. ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. களைத்தவன் வாசலில் நிற்கும்போது முதலில் செய்ய வேண்டியது எது என்றே கேட்கிறேன். சீதோனில் கப்பல் நீண்ட நாள் நிற்கவில்லை. இன்று நம் தெருவைக் கடந்து போகும் துன்பமுள்ள சகோதரனும் நீண்ட நாள் நிற்கமாட்டான். விவரம் முழுதும் தெரியும் வரை காத்திருந்தால் துறையில் கப்பல் இராது.

மற்றொரு வார்த்தை, வீட்டில் படுக்கையிலிருக்கும் கணவனையோ மனைவியையோ பெற்றோரையோ ஆண்டுக்கணக்காய்க் கவனித்து வருகிறவர்களுக்கு. கொஞ்ச நேரம் வெளியே போய் வந்தாலும் குற்றவுணர்வு உங்களை வாட்டுகிறது என்பதை அறிவேன். உத்தரவு கிடைக்கும்போது இறங்கிப் போங்கள். உங்கள் பயணமும் நீண்டது. முன்னே புயல் இருக்கலாம். சீதோனில் பராமரிப்படைந்த பவுலே, பின்பு 276 பேருக்கு முன்பாக அப்பத்தை எடுத்து, தேவனை ஸ்தோத்திரித்துப் புசித்து, மற்றவர்களையும் திடப்படுத்தினார். தாங்கப்பட்டவர் பிறரைத் தாங்குகிறவரானார்.

அந்த உத்தரவை நாமே ஒருவருக்கொருவர் கொடுப்போமா? வாரத்தில் ஒரு பிற்பகல், வியாதியஸ்தர் அருகே நம்மில் இருவர் அமர்ந்திருந்தால், அவர்களைக் கவனிக்கிறவர் தம் சகோதரி வீட்டுக்கோ கடைத்தெருவுக்கோ போய் வரலாம், அல்லது அடுத்த அறையில் உறங்கலாம். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். வியாழக்கிழமைப் பிற்பகல்களில் நான் வருவேன். கேட்டாலொழிய பிரசங்கம் செய்யமாட்டேன்.

ஜெபிப்போம். பரம பிதாவே, பிறருக்குக் கதவைத் திறக்கும் மனதையும், திறந்த கதவுக்குள் வெட்கமின்றி நுழையும் தாழ்மையையும் எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில், ஆமென்.