கார்டுக்கு இரண்டு மொழியும் வேண்டும்

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் தங்கையின் மகனுக்கு ரயில் கார்ட் பயிற்சிக்கு அழைப்பு வந்திருக்கிறது. போட்டிப் பரீட்சை எழுதி, நேர்முகப் பரீட்சைக்குப் போய், வைத்தியப் பரிசோதனையும் முடித்துவிட்டான். சிவப்பையும் பச்சையையும் சந்தேகமில்லாமல் பிரித்தறியாத கண்ணுக்கு இந்த வேலையில் இடமில்லை என்பதால் அந்த ஒரு பரிசோதனைக்குத்தான் வீடே பயந்துகொண்டிருந்தது. இப்போது கறுப்புச் சப்பாத்து வாங்கியாயிற்று. செக்கன் முள் தெளிவாகத் தெரியும் கைக்கடிகாரம் ஒன்றைத் தகப்பன் கழற்றிக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டையில் ரயில் ஏறி வெள்ளவத்தைக்கு என்னிடம் வருகிறான், சிங்களம் படிக்க. பாடசாலையில் இரண்டாம் மொழிச் சிங்களம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான்.

ஜம்பட்டா வீதியில் கிரிக்கெட் அடித்து வளர்ந்த பிள்ளைக்குச் சிங்களத்தில் படிப்பிக்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். பேச்சுச் சிங்களம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எழுத்துச் சிங்களம் வேறு. ரயில் வந்தது என்பதற்கு ‘கோச்சிய ஆவா’ என்று வாயில் வருவதை அறிக்கையில் ‘தும்ரிய பெமினியேய’ என்று எழுத வேண்டும். வந்த நேரம், புறப்பட்ட நேரம், தாமதமென்றால் அதற்குக் காரணம் என்று பயணம் முழுவதையும் எழுத்தில் வைக்கிறவர் கார்ட். “கொடி காட்டுறது பழகிடுவேன் பெரியம்மா, ரிப்போர்ட் எழுதுறதுதான் பயமா இருக்கு” என்கிறான். பயப்படட்டும். பயம் இருக்கிற பிள்ளைதான் படிக்கும்.

இவனுக்குச் சிங்களம் படிப்பிக்க நான் இருக்கிறேன். இவனோடு பயிற்சிக்குப் போகும் சிங்களப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்க யார் இருக்கிறார்கள்?

கார்ட் என்றால் கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக்கொடி அசைப்பவர் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். இயந்திரம் சாரதியின் பொறுப்பு. ரயிலும் அதில் உள்ள சனமும் கார்டின் பொறுப்பு. புறப்படுமுன் கடைசிப் பெட்டி வரை பிரேக் பிடிக்கிறதா, பின்விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது அவர். ஏறுவோரும் இறங்குவோரும் முடிந்தார்களா என்று மேடை முழுக்கக் கண்ணோட்டி, விசில் ஊதிப் புறப்பட அனுமதி கொடுப்பது அவர். ரயில் வழியில் நின்றுபோனால் பின்னால் வருகிற ரயில் வந்து மோதாமல், சிவப்பு விளக்கோடு தண்டவாளத்தில் பின்னோக்கி நடந்து, சக்கரம் ஏறினால் வெடித்து எச்சரிக்கும் சமிக்ஞையை வைத்துவிட்டு வருவதும் அவர்தான். பிரித்தானியாவில் 2016இல் சதர்ன் ரயில் சேவையின் கார்ட்கள், கதவு மூடும் பொறுப்பைத் தங்களிடமிருந்து எடுத்துச் சாரதியிடம் கொடுப்பதை எதிர்த்து நீண்ட காலம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே தானாக மூடும் கதவுக்கே அந்தப் போராட்டம். நம்முடைய காலிப் பாதை அலுவலக ரயில்களில் கதவு மூடுவதே கிடையாது. மிதிபலகையில் ஒரு கால், காற்றில் ஒரு கால் என்று பிள்ளைகள் தொங்குகிறார்கள். இங்கே கார்டின் கண்ணும் வாயும்தான் கதவு.

வாய் என்று சொன்னது வெறும் அலங்காரத்துக்கு அல்ல. வெள்ளவத்தை வழியாகப் போவது இரட்டைப் பாதை. இரண்டு நிலையங்களுக்கு நடுவில் ரயில் நின்றுவிட்டால் சனம் என்ன செய்யும்? ஐந்து நிமிடம் பொறுக்கும். பிறகு ஒருவர் குதிப்பார், அவர் பின்னால் பத்துப் பேர் குதிப்பார்கள். குதிக்கிற பக்கம் மற்றத் தண்டவாளமாக இருந்தால், அதில் எதிரே ரயில் வந்தால்? அந்த நேரத்தில் ‘இறங்காதீர்கள்’ என்பது ஒரு பாதுகாப்புக் கருவி. ‘பஹின்ன எப்பா’ என்று சிங்களத்தில் மட்டும் சொன்னால் பாதிப் பெட்டிக்குத்தான் அது போய்ச் சேரும். கொழும்பில் பிழைப்பு நடத்தும் நமக்கு அந்தச் சொல் விளங்கும். காங்கேசன்துறையிலிருந்து கிளினிக்குக்கு வருகிற அம்மாவுக்கு, ஹற்றனில் ஏறிய தோட்டத்து மூதாட்டிக்கு, மட்டக்களப்பிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க வரும் ஐயாவுக்கு விளங்குமா?

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை மாத்தறைக்குப் போன ரயில் இதே வெள்ளவத்தை வழியாகத்தான் போனது. பெரலியவில் சுனாமியின் முதல் அலை வந்தபோது ஊர்ச் சனமும் ரயில்தான் பாதுகாப்பு என்று நம்பி ஏறியது. அடுத்த பெரிய அலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. ரயிலை நிறுத்தச் சொல்லும் செய்தி நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அந்தக் கடலுக்கு முன்னால் எந்தக் கார்டும் எதுவும் செய்திருக்க முடியாது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் மனதில் நிற்பது ஒன்றுதான்: ஆபத்து நேரத்தில் ரயிலில் இருக்கிற சனம் யாராவது ஒருவர் வந்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டாரா என்றுதான் பார்க்கும். அப்படிச் சொல்வதற்கென்று சீருடை போட்டு ரயிலோடு வருகிறவர் கார்ட்.

நல்ல கார்ட் எப்படி இருப்பார் என்று நான் ஒரு இரவு பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் மட்டக்களப்புக்குப் போகும்போது, கல்ஓயாவைத் தாண்டிக் கும்மிருட்டில் ரயில் நின்றது. பெட்டியில் பெரும்பாலும் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள். பிள்ளையொன்று அழத் தொடங்கியது. இளைஞர்கள் சிலர் கதவடிக்குப் போய் ஒரு கால் வெளியே வைத்துவிட்டார்கள். பின்பக்கமிருந்து டோர்ச் வெளிச்சத்தோடு ஒரு சிங்களக் கார்ட் பெட்டி பெட்டியாக நடந்து வந்தார். அவருடைய தமிழ் அவ்வளவுதான்: “யானை. பாதையில யானை. பயம் வேண்டாம். இறங்க வேண்டாம், சரியா?” இளைஞர்கள் காலை உள்ளே எடுத்தார்கள். அழுத பிள்ளை யானையைக் காட்டச் சொல்லித் தாயின் சேலையை இழுத்தது. இலக்கணம் பார்த்தால் அந்தத் தமிழுக்கு நான் நாற்பது புள்ளிகூடப் போட மாட்டேன். அந்த இரவுக்கு அது நூறு. அந்தக் காட்டுப் பாதை விளையாட்டில்லை. 2025 பெப்ரவரி 20ஆம் திகதி மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு வந்த மீனகயா ரயில் மோதி அங்கே ஆறு யானைகள் இறந்தன. ரயிலும் தடம் புரண்டது.

அரச சேவையில் தமிழும் வேண்டும் என்பதற்குச் சட்டம் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியது 1956 ஏப்ரலில். சிங்களம் மட்டும் சட்டம் வந்ததும் அதே வருடம்தான். ஸ்டேஷன் மாஸ்டராகவும் கிளார்க்காகவும் கார்டாகவும் தமிழர்கள் நிறைந்திருந்த ரயில்வேயில் அதற்குப் பிறகு அவர்கள் சேரும் வழி ஒடுங்கிக்கொண்டே போனது. என் தகப்பனின் தலைமுறை அதைக் கண்ணால் பார்த்தது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அந்த வருடம் ஜூலை 1 முதல் அரச சேவையில் சேர்கிற எல்லோரும் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. நல்ல சுற்றறிக்கைதான். மேசையில் உட்காரும் உத்தியோகத்தருக்கு ஐந்து வருட அவகாசம் கொடுக்கலாம். கடிதத்தை நாளைக்கு மொழிபெயர்த்துக் கொள்வார். இருட்டில் நிற்கிற ரயிலுக்குள் நாளைக்கு என்று ஒன்று கிடையாது.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. கொடி, விளக்கு, பிரேக் எல்லாவற்றிலும் தேறிய பிறகுதானே தனியாக ரயிலில் அனுப்புகிறார்கள்? அதே இடத்தில், அதே கண்டிப்போடு, பேச்சுப் பரீட்சை ஒன்றையும் வைக்க வேண்டும். பாரதியும் வேண்டாம், இலக்கணமும் வேண்டாம். ரயில் ஏன் நிற்கிறது, எவ்வளவு நேரமாகும், எந்தப் பக்கம் இறங்க வேண்டும், எந்தப் பக்கம் இறங்கக்கூடாது, வைத்தியர் யாராவது இருக்கிறீர்களா, பிள்ளையைக் காணவில்லையா, இங்கேயே நில்லுங்கள். இவ்வளவும் ஒரு தாளில் அடங்கிவிடும். தமிழ் வாக்கியத்தைச் சிங்கள எழுத்திலும், சிங்கள வாக்கியத்தைத் தமிழ் எழுத்திலும் எழுதி, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அப்படியொரு தாளை நானும் அவனும் தயாரித்து வைத்திருக்கிறோம். அவனை அறையின் கடைசியில் நிறுத்தி, மின்விசிறியை முழு வேகத்தில் விட்டு, வானொலியையும் போட்டு, எனக்குக் கேட்கும்படி இரண்டு மொழியிலும் சொல்லச் சொல்கிறேன். முதல் வாரம் வெட்கப்பட்டான். இப்போது கீழ்மாடிக்காரர் படியேறி வந்து என்ன பிரச்சினை என்று கேட்கிற அளவுக்குச் சொல்கிறான்.

வெள்ளவத்தைப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை. பையன் உயர்தரம் எழுதினவுடன் லண்டன், கனடா, வங்கி, கணக்கியல் என்றுதான் நாம் பேசுகிறோம். இவனுக்குக் கார்ட் வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது, “அதுக்கா இவ்வளவு படிச்சவன்?” என்று என் முகத்துக்கு நேரே கேட்டவர்கள் உண்டு. 1990இல் நின்றுபோன வடக்குப் பாதை 2014 ஒக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணத்தைத் தொட்டபோது நாமெல்லாம் கண்கலங்கினோம். அந்த ரயிலை ஓட்டவும் காக்கவும் நம் பிள்ளைகளும் வேண்டும் என்பது மட்டும் நம் நினைவுக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை வர்த்தமானி தமிழிலும் வருகிறது. ரயில்வேப் பதவி விளம்பரம் வந்தால் அதை வெட்டிப் பிள்ளையின் மேசையில் வையுங்கள். மொழி உரிமை கேட்டு மனுப்போட ஆட்கள் இருக்கிறார்கள். ரயிலுக்குள் நின்று அந்த மொழியைப் பேசத்தான் ஆட்கள் போதவில்லை.

பயிற்சிக்குப் பொறுப்பானவர்களிடமும் ஒன்று சொல்ல இருக்கிறது. தமிழ் படிப்பிக்க ஆளில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இரண்டு மொழியும் அறிந்த ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எத்தனையோ பேர் சும்மா இருக்கிறோம். கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்தால் போதும், சம்பளம்கூடப் பிறகு பேசிக்கொள்ளலாம். நாங்கள் எழுதிய தாளில் சிங்களப் பிள்ளைகளுக்கான பக்கம் ஆயத்தமாகவே இருக்கிறது.