குறியிடுபவர் யார்? கூவி விற்பவர் யார்?

நூல் படிப்பவன் மீண்டும் வந்து காணவேண்டிய பக்கத்தில் ஓர் ஓலை நறுக்கையோ மயிலிறகையோ வைத்து மூடுவது பழைய வழக்கம். அவ்வடையாளத்தை வைக்கவேண்டியவன் படிப்பவனே. எழுதியவனும் அல்லன், விற்பவனும் அல்லன். கடைக்காரன் ஒவ்வொரு படியிலும் தானே நூறு மயிலிறகைச் செருகி வைத்து, ‘பாருங்கள், எத்துணைப் பேர் விரும்பிப் படித்திருக்கின்றனர்!’ என்று கூறுவானாயின் அவனை என்னென்பது? இணைய உலகில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருவது ஏறத்தாழ இதுவே. அதற்கு ‘வலைத்தளத்தை வளர்க்கும் வழி’ என்று பெயரும் சூட்டியிருக்கின்றனர்.

குமுகக் குறித்தளம் என்பது தீய நோக்கத்தில் பிறந்ததன்று. அமெரிக்காவில் மோர்கன் இசுடான்லி என்னும் முதலீட்டு நிறுவனத்தில் பணியாற்றிய யோசுவா சாக்டர் என்பார், தாம் கண்ட நல்ல வலைப்பக்கங்களின் முகவரிகளை ஒரு கோப்பில் எழுதி, ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சிறு சொல்லைக் குறித்து வைக்கும் பழக்கமுடையவர். அப்பழக்கமே 2003 இல் தெலிசியசு என்னும் தளமாக உருப்பெற்றது. தன் கணினியில் அடைந்து கிடந்த குறிப்பைப் பொதுவில் வைத்தால் ஒருவர் தேடிக் கண்டது பலர்க்கும் பயன்படும் என்பதே அதன் அடிப்படை. நூலகத்தார் வகுத்த பகுப்பு முறைகளை எதிர்பாராமல், படிப்பவர் தாமே தத்தம் சொல்லால் பகுத்தனர். குடிமக்கள் செய்யும் இப்பகுப்புக்குத் தாமசு வாண்டர் வால் என்பார் 2004 இல் தனிப்பெயரே படைத்தார். 2005 திசம்பரில் யாகூ நிறுவனம் தெலிசியசை வாங்கியது. 2008 ஆம் ஆண்டின் இறுதியில் 53 இலக்கம் பயனர்களும் 18 கோடிப் பக்க முகவரிகளும் அதில் இருந்தனவாக அந்நிறுவனம் கணக்குக் காட்டியது. இத்துணையும் படிப்பவர் கூலி வாங்காமல் செய்த உழைப்பு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

உழைப்பு ஓரிடத்தில் குவிந்தால் அதை மேய வருவோர்க்குப் பஞ்சமில்லை. அவர்கள் வந்த கரணியம் ஒன்றுண்டு. இசுடான்போர்டு பல்கலைக்கழக மாணவர் இருவர் 1998 இல் தொடங்கிய கூகிள் என்னும் தேடுபொறி, ஒரு பக்கத்தை எத்தனைப் பக்கங்கள் தொடுப்புக் கொடுத்துச் சுட்டுகின்றன என்பதை அப்பக்கத்தின் மதிப்புக்குச் சான்றாகக் கொண்டது. ஒருவர் மற்றொருவரைச் சுட்டுவது மதித்துச் சுட்டுவதாகத்தான் இருக்கும் என்னும் நம்பிக்கை அது. அந்நம்பிக்கையில் ஓட்டை கண்ட விளம்பரக்காரர், எவரும் தொடுப்பிடத்தக்க குறித்தளங்களில் ஏறி, தம் பக்கத்தைத் தாமே நூறு பெயரில் குறித்தனர். ஒரே பக்கத்தை நூற்றுக்கணக்கான தளங்களில் ஒரு நொடியில் பதிக்கும் பொறிகளும், ‘இத்தனைத் தளங்களில் குறியிட்டுத் தர இவ்வளவு விலை’ என்னும் கூலிக் கணக்கும் தோன்றின. படிப்பவர் எவரும் எட்டிப் பாராத, குறியிடுவோர்க்காகவே கட்டிய வெற்றுக் குறித்தளங்களும் பெருகின. படிப்பவன் இல்லாத ஊரில் படிப்பகம்!

(விளம்பரம் என்னும் சொல் ‘விளம்பு’ என்பதன் வழி வந்தது. உள்ளதை எடுத்துச் சொல்லுதலே அதன் வேர்ப்பொருள். இல்லாத கூட்டத்தை இருப்பதாகக் காட்டுதற்கு அச்சொல் பொருந்தாது.)

இத்தகைய தளங்களுள் மற்றொரு வகை, பயனர் ஒப்போலை இட்டுப் பக்கங்களை மேலேற்றுவது. 2004 திசம்பரில் கெவின் உரோசு முதலியோர் தொடங்கிய ‘திக்கு’ அவ்வகையில் பெயர் பெற்றது. தோண்டி எடு என்பது அப்பெயரின் பொருள். அதன் முகப்பில் ஒரு பக்கம் இடம்பெற்றுவிட்டால், பார்ப்போர் வெள்ளமெனப் பாய்ந்து சிறு தளங்களின் கணினிகள் செயலற்று நின்றதும் உண்டு. விலைமிக்க அவ்விடம் விற்பனைக்கு வந்ததில் வியப்பில்லை. 2007 மார்ச்சில் வயர்டு இதழில் எழுதிய இதழாளர் ஒருவர், வேண்டுமென்றே ஒன்றுமற்ற ஒரு தளத்தைப் படைத்து, ஒப்போலை விற்கும் நிறுவனம் ஒன்றுக்குப் பணம் கொடுத்துப் பார்த்தார். அத்தளம் விரும்பப்பட்டவற்றின் வரிசையில் ஏறிவிட்டது. அதில் படிப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது ஏறுவதற்குத் தடையாகவில்லை.

எனினும் திக்கைச் சாய்த்தது இக்கள்ள ஒப்போலை மட்டுமன்று. 2010 ஆகத்தில் அத்தளத்தார் தம் அமைப்பையே மாற்றினர். பெரிய செய்தி நிறுவனங்கள் தம் பக்கங்களைத் தாமே, கணினி வழி, தொடர்ந்து பதித்துக்கொள்ள வழி திறந்தனர். தகுதியற்றதைப் புதைக்கும் உரிமையைப் பயனரிடமிருந்து எடுத்துக்கொண்டனர். அதாவது, படிப்பவன் கையிலிருந்த மயிலிறகைப் பிடுங்கி விற்பவன் கையில் கொடுத்தனர். பயனர் கொதித்தெழுந்து, போட்டித் தளமாகிய இரெடிட்டின் தொடுப்புகளால் திக்கின் முகப்பையே நிரப்பினர். பின்னர்க் கூட்டங் கூட்டமாக வெளியேறினர். ஈராண்டில், 2012 சூலையில், அத்தளம் விற்கப்பட்டது. விலை 5 இலக்கம் அமெரிக்க டாலர் என்று செய்தி இதழ்கள் எழுதின. கோடிக்கணக்கில் மதிக்கப்பட்டிருந்த தளத்திற்கு அது பழைய இரும்புக் கடை விலை.

தேடுபொறியாரும் கைகட்டிக்கொண்டிருக்கவில்லை. 2005 சனவரியிலேயே, ‘இத்தொடுப்பைப் பின்பற்றாதே’ என்று அறிவிக்கும் குறிப்பு முறை ஒன்றைக் கூகிள் கொண்டுவந்தது. யாகூவும் எம்எசுஎன்னும் ஏற்றன. 2012 ஏப்பிரல் 24 இல் ‘பெங்குவின்’ என்று பெயரிட்ட திருத்தத்தைக் கூகிள் வெளியிட்டது. பொய்த் தொடுப்புகளால் மேலேறிய தளங்கள் ஒரே நாளில் சரிந்தன. தரங்குறைந்த குறித்தளத் தொடுப்புகள் என்று பெயர் சுட்டியே அந்நிறுவனத்தின் எரிதத் தடுப்பு நெறிகள் கண்டிக்கின்றன. இதன் பின் நடந்ததுதான் நகைப்புக்குரியது. தம் தளத்தைச் சுட்டும் தொடுப்புகளை ‘இவை எமக்கு வேண்டா’ என்று கைவிடும் கருவி 2012 அத்தோபரில் வந்தது. பணம் கொடுத்துத் தொடுப்பிட்டவர்களே பணம் கொடுத்து அவற்றைக் களையெடுக்கச் செய்தனர். விதைத்தவனுக்கும் கூலி, பிடுங்கியவனுக்கும் கூலி. விளைச்சல் மட்டும் இல்லை.

‘பெருநிறுவனங்கள் பணத்தை வாரி இறைத்து விளம்பரம் செய்கின்றன, கையில் காசில்லாத எளியவன் தன் தளத்தை வேறு எவ்வாறுதான் அறியச் செய்வான்?’ என்று கேட்போர் உளர். வினா நயன்மையானது. எளியவன் தன் பக்கத்தைத் தானே ஒருமுறை, தன் பெயரால், ‘இது என் ஆக்கம்’ என்று கூறிப் பொதுவில் வைப்பதில் குற்றம் ஏதுமில்லை. அது விளம்புதல். பத்துப் பொய்ப்பெயர்களில் மறைந்துகொண்டு தனக்குத் தானே தலையசைப்பது வேறு. அன்றியும், இக்குறுக்குவழி எளியவனுக்கு உதவியதுமில்லை. ஒரு பொய்ப்பெயரை எளியவன் படைக்க, ஆயிரம் பொய்ப்பெயரைப் பணக்காரன் படைப்பான். பொய்யில் போட்டியிட்டு ஏழை வென்றதாக எங்கும் கேட்டதில்லை. ஆயிரம் குறிகளுள் எது உண்மை என்று தெரியாத நிலை வந்தபோது, உண்மையாகவே ஒரு படிப்பாளி மகிழ்ந்து இட்ட ஒற்றைக் குறிக்கும் மதிப்பின்றிப் போயிற்று. எளியவனிடமிருந்த ஒரே செல்வம் அதுதான்.

தமிழிலும் இக்கதை நடந்தது. 2004 இல் எழுந்த தமிழ்மணம் சிதறிக் கிடந்த தமிழ்ப் பக்கங்களை ஓரிடத்தில் திரட்டிக் காட்டிய அரும்பணியை மறத்தல் ஆகாது. ஈழத்திலும் தமிழகத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் எழுதியோர் ஒருவரையொருவர் கண்டது அதன்வழி. திக்கைப் போல ஒப்போலையால் மேலேற்றும் தமிழிசு என்னும் தளமும் தோன்றி, பின்னர் இன்ட்லி எனப் பெயர் மாறிற்று. ஆனால் ஒப்போலைப் பட்டை வந்த பின்னர், கட்டுரையின் கடைசி வரி ‘ஒப்போலை இடுக’ என்னும் வேண்டுகோளாயிற்று. ‘நீ எனக்கிட்டால் நான் உனக்கிடுவேன்’ என்னும் மொய்க் கணக்கு வளர்ந்தது. மொய்யெழுதும் வீட்டில் சோற்றின் சுவையை எவர் பார்க்கிறார்? படியாமலே இட்ட ஒப்போலையால் முதலிடம் பெற்ற கட்டுரைகளுக்கிடையே, ஊர்ப்பெயராய்வும் கல்வெட்டுப் படிப்பும் செய்து எழுதியோர் மொய்யெழுதத் தெரியாமையால் அடியில் கிடந்தனர்.

தமிழர்க்கு இதில் தனி இழப்பு உண்டு. தொகுப்பவனின் நேர்மை எத்துணைப் பெரிது என்பதைத் தமிழ் நன்கறியும். முத்தொள்ளாயிரம் முழுநூலாகக் கிடைத்திலது. இன்று கையிலுள்ள பாடல்களுள் மிகப் பெரும்பாலன, தொகுத்தவர் பெயரும் தெரியாத புறத்திரட்டு என்னும் தொகைநூலில் எடுத்து வைக்கப்பட்டமையால் எஞ்சியவை. அவர் தம் பாட்டைப் பரப்புதற்காகத் தொகுத்தவராயின் தமிழுக்கு என்ன எஞ்சியிருக்கும்?

குறித்தளங்களும் நிலைத்தில. தெலிசியசு கைமாறிக் கைமாறி, 2017 சூனில் பின்போர்டு என்னும் சிறு தளத்தார் வாங்கிப் புதுக் குறி ஏற்பதை நிறுத்தினர். 2007 இல் ஈபே நிறுவனம் 7.5 கோடி டாலருக்கு வாங்கிய இசுடம்பிளப்பான் 2018 சூன் 30 உடன் மூடப்பட்டது. விழுங்கிய பின்போர்டோ, 2009 இல் தொடங்கப்பட்டு, விளம்பரம் ஏற்காமல் பயனரிடம் கட்டணம் வாங்கி நடத்தப்பட்ட தளம். தொடக்கத்தில் புதிதாக ஒருவர் சேருந்தோறும் நுழைவுக் கட்டணம் சிறிது சிறிதாக உயர்ந்தது. ஆயிரம் பொய்ப்பெயர் படைப்பவன் ஆயிரம் முறை பணம் கட்டவேண்டும் என்பதால், எரிதர் அப்பக்கம் அண்டுவது அருமையாயிற்று.

தமிழ்த்தளம் நடத்துவோர் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. பக்கத்தின் முகவரியை ஆண்டுக்கொரு முறை மாற்றினால், படிப்பவன் அன்போடு இட்ட குறி வெற்றிடத்தைச் சுட்டும். தலைப்பில் பொருள் இல்லையேல் குறியிடுவோன் எதை எழுதிக்கொள்வான்? குறிச்சொற்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தமிழில் எழுதிய பக்கத்திற்கு ஆங்கிலத்தில் மட்டும் குறிச்சொல் இடுவோர் பலர். தமிழில் இடுவோரும் ஒருவர் கணினி என, ஒருவர் கணிணி என, ஒருவர் கணனி என, ஒருவர் கம்ப்யூட்டர் என எழுதி வைக்கின்றனர். உழவைப் பற்றி நல்ல கட்டுரை எழுதி, அதற்கு ஆங்கில எழுத்தில் ‘அக்ரி’ என்று குறியிட்டு விட்டால், ‘உழவு’ என்று தமிழில் தேடும் உழவர் மகனுக்கு அக்குறி வழிகாட்டாது.