முருங்கையும் அடுத்த வீடும்

முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்று நம் பெரியோர் ஒரு பழமொழி சொல்லி வைத்தார்கள். இருபது வருஷமாக உபாத்தியாயர் தொழில் பார்த்து வரும் எனக்கு இதன் பின்பாதியில் நம்பிக்கை கிடையாது. அடித்ததனால் கணக்கு வந்த பிள்ளையை நான் இதுவரை கண்டதில்லை. ஆனால் முன்பாதி இருக்கிறதே, அது முற்றிலும் உண்மை. அதை நான் தெரிந்துகொண்ட விதந்தான் சற்று வெட்கப்படத் தக்கது. புரட்டாசி பிறந்திருக்கும் இந்தச் சமயத்தில் அந்தக் கதையை நேயர்களுக்குச் சொல்லிவிடுவது நலமென்று தோன்றுகிறது.

குளிர் தேசங்களில் இலையுதிர் காலம் வந்ததும் ஜனங்கள் தங்கள் தோட்டங்களைப் பனிக்கு ஆயத்தம் செய்கிறார்கள். உதகமண்டலம் போன்ற மலையூர்களை விட்டால் நமக்கு அந்தக் கவலை இல்லை. நமக்குள்ள கவலை மழை. தமிழ்நாட்டில் ஒரு வருஷத்தில் பெய்யும் மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்றே மாதங்களில் பெய்து தீர்ந்துவிடுகிறது. வங்காள விரிகுடாவில் பிறக்கும் புயல்களும் பெரும்பாலும் அப்போதுதான் நம்மைத் தேடி வருகின்றன. ஆகையால் நம் கொல்லைப்புறத்துக்கு ஆயத்த மாதம் என்று ஒன்று உண்டானால், அது புரட்டாசிதான்.

எங்கள் வீடு பட்டுக்கோட்டைக்குச் சமீபத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. கொல்லையில், மதில் சுவரை ஒட்டி, என் தகப்பனார் நட்ட முருங்கை ஒன்று நின்றது. அது சுவரைத் தாண்டி, அடுத்த வீட்டு ஓட்டுக் கூரையின் மேல் தாராளமாகக் கிளை பரப்பியிருந்தது. முருங்கை பருத்தாலும் தூணாகாது என்பார்கள். பார்வைக்கு எவ்வளவு தடித்தாலும் அதன் கட்டை மெத்தென்றிருப்பது. பலத்த காற்றுக்குத் தாங்காது.

2018-ம் வருஷம் புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை ஒடித்துவிடலாமென்று அரிவாளை எடுத்தேன். “காய்க்கிற மரத்திலே கத்தி வைக்காதே, அப்பா! உன் தகப்பனார் கையால் நட்டதாயிற்றே!” என்றாள் என் தாயார். உடனே அரிவாளைக் கீழே வைத்துவிட்டேன். தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை என்று நேயர்கள் என்னை மெச்ச வேண்டாம். அன்று வெயில் கடுமை. சாப்பாடு வேறு பலமாக இருந்தது. என் சோம்பலுக்குத் தாயாரின் சொல் ஒரு குடையாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்தது. அந்த இரவைப் பற்றி எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளில் லக்ஷக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. எங்கள் முருங்கையும் சாய்ந்தது. அது எங்கள் பக்கம் சாய்ந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இராது. அடுத்த வீட்டுக் கூரையின் மேல் சாய்ந்தது. ஓடுகள் நொறுங்கின. விடியும் வரையில் மழை அந்த வீட்டுக்குள்ளேயே பெய்தது.

அந்த வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர். நான் சிறுவயது முதல் ‘அத்தை’ என்று அழைத்து வரும் ஒரு முதிய அம்மாள், அவளுடைய பேத்தி. பேத்தி பத்தாம் வகுப்பு, என்னிடமே படித்தவள். பொழுது விடிந்து நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது, அந்தப் பெண் திண்ணையில் உட்கார்ந்து, நனைந்து ஊறிப்போன நோட்டுப் புத்தகங்களை ஒவ்வோர் ஏடாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். மை கரைந்து எல்லாம் ஒரே நீலமாக இருந்தது. பொதுப் பரீட்சைக்கு நாலு மாதமே பாக்கி. அத்தை என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. “போனால் போகிறது, தம்பி. இத்தனை கீரை வீணாகப் போகிறதே, அம்மாவுக்குக் கொஞ்சம் ஆய்ந்து எடுத்துக்கொண்டு போ” என்றாள். ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

கஜாவின் வேகத்துக்கு எந்த மரந்தான் நிற்கும் என்று சிநேகிதர்கள் சமாதானம் சொன்னார்கள். வாஸ்தவந்தான். ஆனால் மூன்றடி உயரத்துக்கு வெட்டப்பட்ட முருங்கை, விழுந்தாலும் சுவருக்கு இப்பால்தானே விழுந்திருக்கும்? மின்சாரமில்லாத அந்த நாட்களில், சிமினி விளக்கின் வெளிச்சத்தில், அந்தப் பெண்ணுக்காக விஞ்ஞானப் பாடக் குறிப்புகளைத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் எனக்கு நன்றாக விளங்கிற்று. தோட்டம் நம்முடையது, ஆனால் அதில் நாம் செய்யாமல் விட்ட வேலை அடுத்த வீட்டில் போய் விழுகிறது.

இந்தக் கண்ணோடு பார்த்தால், மழைக்கு முன் கொல்லையில் செய்யவேண்டிய காரியங்கள் எல்லாமே அயலாருக்குச் செய்யும் கடமைகள் என்பது புலப்படும்.

முதலில் முருங்கை. புரட்டாசி, ஐப்பசியில் அதை மூன்று நான்கு அடிக்கு மேல் வெட்டிவிடுவதால் காற்றின் பயம் தீருகிறது. புதுக் கிளைகள் விட்டு, மாசி பங்குனியில் பூவும் பிஞ்சுமாகக் குலுங்குகிறது. வெட்டைச் சாய்வாக வைத்து, வெட்டுவாயில் சாணத்தை அப்பிவிட்டால் தண்ணீர் இறங்கி அழுகாது. வெட்டிய போத்தையே வேறிடத்தில் ஊன்றி இன்னொரு மரமும் உண்டாக்கலாம். தென்னையில் முற்றிய காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இறக்கிவிட வேண்டும். குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். ஆனால் அரிவாள் கையில் ஏறிவிட்டதென்று எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிடக் கூடாது. குண்டுமல்லிச் செடி நவம்பர் கடைசி வரையில் காத்திருக்கட்டும். அப்போது ஒன்றரை அடி விட்டுக் கவாத்துச் செய்தால் போதும்.

இரண்டாவது சருகு. கொல்லையைப் பெருக்கிக் குவித்துத் தீ வைத்தால்தான் துப்புரவு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். புகை அடுத்த வீட்டுக் கைக்குழந்தையின் தொட்டிலுக்குப் போகிறது. மண்ணுக்குச் சேரவேண்டிய சத்தில் பெரும்பகுதி ஆகாயத்துக்குப் போகிறது. மிஞ்சிய சாம்பலை முதல் மழை சாக்கடைக்குக் கொண்டு போகிறது. ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கில விஞ்ஞானி இந்தூரில் யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து, தழை, சருகு, சாணம் இவற்றை எருவாக்கும் முறையை ஆராய்ந்து 1931-ல் ஒரு நூலாக வெளியிட்டார். இந்தூர் முறை என்று அதற்குப் பெயர். நமக்கு வேண்டிய அளவு சுலபமானதே. சருகு ஓரடுக்கு, பச்சைத் தழை ஓரடுக்கு, அதன்மேல் சாணக் கரைசலும் கொஞ்சம் மண்ணும் சாம்பலும். இப்படி இடுப்பளவு குவித்து, இடையிடையே கிளறிவிட்டால் சுமார் மூன்று மாதத்தில் எரு ஆகிவிடும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: மழைக்காலத்தில் குழி வெட்டி நிரப்பாதீர்கள்; குழியில் தண்ணீர் நின்று நாற்றமெடுக்கும். மேட்டிலே குவித்து, மேலே தென்னங்கீற்றைப் போட்டு மூடுங்கள். புரட்டாசிச் சருகு தைமாதக் கத்தரிச் செடிக்கு உணவாகிவிடும்.

மூன்றாவது தண்ணீர். அது தேங்கவும் கூடாது, நம் வீட்டிலிருந்து அயல் வீட்டுக்குள் பாயவும் கூடாது. கீரைப் பாத்திகளை மேடாக்கி இடையே வடிகால் விட வேண்டும். கிணற்றைச் சுற்றி மண் அணைத்துக் கொல்லைச் சேறு உள்ளே இறங்காமல் காக்க வேண்டும். 2003-ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்த் தொட்டி அநேக வீடுகளில் மண் மூடிக் கிடக்கிறது. அதைத் தோண்டித் துப்புரவு செய்ய இதுவே தருணம். பிறகு உடைந்த பானை, தேங்காய்ச் சிரட்டை, கொல்லையில் வெறுமே கிடக்கும் பழைய ஆட்டுக்கல்லின் குழி இவற்றைக் கவனியுங்கள். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு இப்படித் தேங்கும் தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிப் பறக்கிறது. அந்தக் கொசு மதில் சுவரைப் பார்த்துத் திரும்பி வருவதில்லை.

இவை எல்லாம் சேர்ந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். பிள்ளைகளையும் கூட அழைத்துக்கொண்டால் ஒன்றரை ஞாயிறு. அவர்களை அடிக்க வேண்டியதே இல்லை. ஆட்டுக்கல்லுக் குழியிலுள்ள கொசுப் புழுவை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்துக் காட்டுங்கள், போதும்.

விழுந்த மரத்தின் போத்து ஒன்றை அந்த வருஷமே கொல்லை நடுவில், சுவருக்கு வெகுதூரம் தள்ளி ஊன்றினேன். அது பிழைத்தது. சென்ற புரட்டாசியில் அதை ஒடிக்க அரிவாளை எடுத்தபோது என் தாயார் ஒன்றும் சொல்லவில்லை. அவளே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். முதல் கிளை மளுக்கென்று முறிந்த சத்தம் கேட்டதும், சுவருக்கு அப்பாலிருந்து அத்தையின் குரல் வந்தது.

“தம்பி, ஒடிக்கிறதுதான் ஒடிக்கிறாய், தழையை இந்தப் பக்கம் போடு. இன்றைக்குக் கீரைக்கு ஆயிற்று!”