சிகிச்சை முறைக்கு யார் சொந்தக்காரர்?



ஊர் அடங்கிய பிறகும் காதுக்குள் 'ஙொய்' என்று ஓயாத இரைச்சலோடு படுக்கப் போகிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். பல்லை இறுகக் கடித்தாலோ தாடையை முன்னே தள்ளினாலோ சிலருக்கு அந்தச் சத்தம் கூடும் அல்லது குறையும். காது நரம்பு கொண்டுவரும் சேதியும் முகம், கழுத்திலிருந்து வரும் தொடு உணர்வும் மூளைத்தண்டில் ஓரிடத்தில் கலப்பதே காரணம்.

அந்த இடத்தைக் குறிவைத்துத்தான் புதிய சிகிச்சைகள் வந்திருக்கின்றன. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சூசன் ஷோர் குழுவினர், காதில் ஒலியையும் கன்னத்திலோ கழுத்திலோ மெல்லிய மின்துடிப்பையும் நேரம் பிசகாமல் சேர்த்துக் கொடுக்கிறார்கள். 99 பேரிடம் நடத்திய ஆய்வை 2023-இல் வெளியிட்டார்கள். டப்ளினின் நியூரோமாட் நிறுவனம் மின்துடிப்பை நாக்கில் கொடுக்கிறது. அதன் 'லெனைர்' கருவிக்கு 2023 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. இரு தரப்பிடமும் காப்புரிமைகள் இருக்கின்றன.

பல ஆண்டு உழைத்து உருவாக்கிய கருவிக்கு உரிமை கேட்பது நியாயம். ஒலியையும் தொடுதலையும் சேர்த்துக் கொடுக்கும் முறைக்கே வேலி போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்கச் சட்டம் அதற்கும் இடம் தருகிறது. தையல் இல்லாமல் கண்புரை அறுவை செய்யும் கீறல் முறைக்குக் காப்புரிமை வாங்கிய டாக்டர் சாமுவேல் பாலின், 1993-இல் இன்னொரு மருத்துவர்மீது வழக்குப் போட்டார். மருத்துவர்கள் கொதித்தெழுந்தார்கள். 1996-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு மருத்துவர் தம் கையால் செய்யும் சிகிச்சைக்காக அவரிடம் இழப்பீடு கேட்க முடியாது என்றானது. ஆனால், காப்புரிமை பெற்ற கருவியைப் பயன்படுத்தினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. மின்தூண்டல் சிகிச்சையோ கருவி இல்லாமல் நடக்கவே நடக்காது!

நம் நாட்டின் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. கருவிக்கு 20 ஆண்டு உரிமை உண்டு. நோயாளிக்குச் சிகிச்சை தரும் முறைக்குக் காப்புரிமை கிடையாது. எந்த வர்த்தக ஒப்பந்தத்துக்காகவும் இந்தப் பிரிவை நம் அரசு தளர்த்தக் கூடாது.

இரைச்சலோடு வாழும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கருவிகள் நமக்குக் கட்டுப்படியாகும் விலையில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு காதில் மட்டும் சத்தம் கேட்டாலோ, நாடித் துடிப்போடு சேர்ந்து கேட்டாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென்று காது மந்தமானால் அன்றைக்கே போய்விடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்