தடா போனது, பொடா போனது, ஊபாவையும் போக்குவோம்!

தோழர்களே!

அடுத்த குண்டு எங்கே வெடிக்கும் என்று நமக்குத் தெரியாது. வெடித்த மறுநாள் என்ன நடக்கும் என்று நன்றாகத் தெரியும். தொலைக்காட்சிகள் போர் முழக்கம் எழுப்பும். புதிதாக ஒரு சட்டம் வரும். இல்லையென்றால் பழைய சட்டத்துக்குப் புதுப் பல் முளைக்கும். ஏன் என்று கேட்பவருக்கு தேசத் துரோகிப் பட்டம் கிடைக்கும். அந்த நாளில் வாய் திறப்பது கடினம். ஆகவே இப்போதே பேசுவோம், இன்றே அணி திரள்வோம்.

பயங்கரவாதத்துக்கு எதிரான போரை வெல்ல முடியுமா? உலகத்திலேயே வலிமையான படையை வைத்திருக்கும் அமெரிக்கா அதைச் செய்து பார்த்துவிட்டது. நியூயார்க் தாக்குதலை அடுத்து 2001 செப்டம்பர் 14 அன்று அரசு போர் அதிகாரம் கேட்டபோது, அந்நாட்டு நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சேர்த்து எதிர்த்து விழுந்தது ஒரே வாக்கு. பார்பரா லீ என்ற கறுப்பினப் பெண்மணியின் வாக்கு அது. அதற்காக அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. இருபது ஆண்டுகள் கழித்து, 2021 ஆகஸ்ட் 15 அன்று, அமெரிக்கப் படை விரட்டிய அதே தாலிபான்கள் ஆப்கானிஸ்தானின் காபூலுக்குள் நுழைந்து ஆட்சியில் அமர்ந்தார்கள். நடுவில் அமெரிக்கர்கள் ஈராக்கையும் நொறுக்கினார்கள். அந்த இடிபாட்டில் ஐ.எஸ். வளர்ந்தது.

இரண்டு நாடுகள் மோதினால் தோற்றவன் கையெழுத்துப் போடுவான், பீரங்கி ஓயும். இந்தப் போரில் சரணடைய வேண்டியவன் யார்? எல்லை எது? கடைசி நாள் எது? எந்த அமைச்சரும் பதில் சொன்னதில்லை. முடிவு குறிக்காத போர், ஆள்பவருக்கு முடிவில்லாத அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரம் முதலில் பாய்வது உள்ளூர்க்காரன் மேல்தான்.

நம் மண்ணில் நடந்ததைப் பாருங்கள். 1985-இல் பயங்கரவாதத்தைத் தடுக்க என்று தடா சட்டம் வந்தபோது இரண்டே ஆண்டுக்கு என்றார்கள்; பத்து ஆண்டுகள் நின்றது. காவல்துறைக் கண்காணிப்பாளர் எழுதிக்கொள்ளும் வாக்குமூலமே சாட்சியம் என்றது அந்தச் சட்டம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன் வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்டவை 9 வோல்ட் பேட்டரிகள். அந்த வழக்கில் தடா நீதிமன்றம் 1998-இல் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. இது தடாவில் வரும் குற்றமே இல்லை என்றும் சொன்னது. ஆனால் தடாவில் வாங்கிய வாக்குமூலம் மட்டும் செல்லும் என்றது! எதற்காக என்று தெரியாமலே பேட்டரி வாங்கினேன் என்று பேரறிவாளன் சொன்னதை எழுதாமல் விட்டதாக, வாக்குமூலம் வாங்கிய அதிகாரியே 2013-இல் வெளியே சொன்னார். 19 வயதில் உள்ளே போன பேரறிவாளனுக்கு விடுதலை கிடைத்தது 2022 மே 18 அன்று.

அடுத்து வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா, அமெரிக்கப் போர் முழக்கத்தின் நேரடி வாரிசு. நியூயார்க் தாக்குதல் நடந்த ஆறே வாரத்தில் இங்கே அவசரச் சட்டமாக வந்தது. 2002 மார்ச்சில் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறியது. அதை ஆதரித்தவர்களில் வைகோவும் ஒருவர். அதே ஆண்டு ஜூலையில், திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக அதே பொடாவில் கைதாகி 19 மாதங்கள் சிறையில் இருந்தார். பழ. நெடுமாறனும் நக்கீரன் கோபாலும் அடுத்தடுத்து உள்ளே போனார்கள். இவர்களில் யார் குண்டு வைத்தார்கள்? "இது நம் மேல் பாயாது" என்று எண்ணும் தோழர் யாராவது இருந்தால், அந்த 19 மாதங்களை நினைத்துப் பாருங்கள்.

2004-இல் பொடா செத்தது. அதன் பற்களைக் கழற்றி அதே ஆண்டில் ஊபா எனும் சட்டவிரோதச் செயல்கள் (தடுப்பு) சட்டத்துக்குப் பொருத்தினார்கள். அப்போது ஆண்டது காங்கிரஸ் கூட்டணி. மும்பையில் 166 உயிர்கள் போன 2008-இல் ஜாமீன் கதவை ஏறக்குறைய அடைத்தார்கள். 2019-இல், வழக்கும் தீர்ப்பும் இல்லாமலே தனிமனிதரைப் பயங்கரவாதி என்று அறிவிக்கும் அதிகாரத்தை பா.ஜ.க. அரசு எடுத்துக்கொண்டது. விளைச்சல் என்ன? 2016 முதல் 2020 வரை ஊபாவில் சிக்கியவர்கள் 24,134 பேர். தண்டனை பெற்றவர்கள் 212 பேர். நாடாளுமன்றத்தில் அரசே தந்த கணக்கு இது.

மற்றவர்களுக்கு விசாரணையே தண்டனை. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடிகளுக்காக உழைத்த பாதிரியார் ஸ்டேன் சுவாமியை ஊபாவில் கைது செய்தபோது அவருக்கு வயது 83. நடுக்குவாத நோயால் கை நடுங்கும். டம்ளரைப் பிடிக்க முடியாது. உறிஞ்சிக் குடிக்க ஒரு குவளை கேட்டார். அதற்குப் பதில் சொல்ல தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ. 20 நாள் அவகாசம் கேட்டது! 2021 ஜூலை 5 அன்று, வழக்கு விசாரணை தொடங்கும் முன்பே, கைதியாகவே அவர் இறந்தார்.

"அப்படியானால் குண்டு வைப்பவனைக் கொஞ்சச் சொல்கிறீர்களா?" என்று கேட்பார்கள். தயங்காமல் பதில் சொல்லுங்கள். சந்தையிலும் ரயிலிலும் உழைக்கும் மக்களைக் கொல்பவன் நமக்கும் எதிரி. அவனைப் பிடிக்கட்டும், சான்றோடு நிறுத்தட்டும், தண்டிக்கட்டும். 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் 58 பேர் இறந்தார்கள். அன்று தடாவும் இல்லை, பொடாவும் இல்லை. இந்திய தண்டனைச் சட்டமும் வெடிபொருள் சட்டமும் கொண்டே 150-க்கும் மேற்பட்டோரின் குற்றம் நிரூபிக்கப்பட்டது. அந்த வழக்கிலும் அப்துல் நாசர் மதானி ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் உள்ளே கிடந்து, நிரபராதி என்று வெளியே வந்தார். சாதாரணச் சட்டத்திலேயே இந்த அநியாயம் நடக்கும் என்றால், ஜாமீனை மறுக்கும் சட்டத்தில் என்னவெல்லாம் நடக்காது?

அடக்குமுறை குண்டை நிறுத்தாது. வட அயர்லாந்தில் 1971 ஆகஸ்டில் விசாரணை இல்லாமல் நூற்றுக்கணக்கானோரை அள்ளிச் சென்றது பிரிட்டிஷ் அரசு. அடுத்த ஆண்டுதான் அங்கே ஆக அதிகம் பேர் செத்தார்கள். வெறுப்பில் இளைஞர்கள் ஐ.ஆர்.ஏ. ஆயுதக் குழுவில் போய்ச் சேர்ந்தார்கள். அந்த மோதலை ஓயச் செய்தது 1998-இல் மேசையில் உட்கார்ந்து போட்ட ஒப்பந்தம். குற்றத்தைத் துப்புத் துலக்கு, அநீதியைப் பேசித் தீர்: வழி அது ஒன்றுதான்.

தோழர்களே, நேரம் கடந்துகொண்டிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 113-ஆவது பிரிவு, பயங்கரவாதக் குற்றத்தை அன்றாடக் குற்றவியல் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. 113-ஆ, ஊபாவா என்பதைக் காவல்துறைக் கண்காணிப்பாளர் நிலை அதிகாரி முடிவு செய்வாராம். போர்க்காலச் சட்டம் காவல் நிலையத்து வழக்கமாகிறது.

கிளைதோறும் கூட்டம் போடுங்கள். தொழிற்சங்க வாயிற்கூட்டத்தில் பேசுங்கள். ஊபா கைதிகளின் வீட்டுக்குப் போங்கள். ஊர் ஒதுக்கி வைத்த அந்தக் குடும்பத்தோடு வெளிப்படையாக நில்லுங்கள். வழக்கறிஞர் தோழர்கள் ஜாமீன் மனுக்களைக் கையில் எடுங்கள். மாநிலக் காவல்துறை போடும் ஊபா வழக்கு நீதிமன்றம் ஏற மாநில அரசின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியைத் தராதே என்று கோட்டையின் கதவைத் தட்டுங்கள். ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும், அவர் எந்தக் கூட்டணியில் இருந்தாலும், ஊபாவை நீக்க வாக்களிப்பாயா என்று கேளுங்கள்.

தடாவும் பொடாவும் தாமாகப் போகவில்லை. தெருவில் நின்ற மக்கள் போக வைத்தார்கள். பாதி வேலையில் கலைந்து போனதால்தான் ஊபா தலைதூக்கியது. இந்த முறை கலையாமல் நிற்போம்.

ஊபாவை நீக்கு! 113-ஐ நீக்கு!
விசாரணை இன்றி வாடுவோரை விடுதலை செய்!
எழுந்து வாருங்கள், தோழர்களே!