அறுவைக்குப் பணம் உண்டு. பிரேசுக்கு ஏன் இல்லை?

முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளையும் ஸ்கோலியோசிஸ் ஒரு குழந்தைக்கு வந்துவிட்டால், அது முற்றி அறுவை சிகிச்சை வரை போகும்போதுதான் அரசின் பெரிய நலத்திட்டங்கள் அந்தக் குடும்பத்தைத் திரும்பிப் பார்க்கின்றன. முற்றிய முதுகை அறுக்கப் பணம் தருகிற அரசு, முற்றாமல் தடுக்க உடலில் அணிவிக்கும் பிளாஸ்டிக் கவசமான பிரேசுக்குத் தருவதில்லை. மும்பை காட்கோபரின் குன்றுச் சரிவுகளிலும் காமராஜ் நகர் போன்ற குடியிருப்புகளிலும் அன்றாடக் கூலியில் வாழும் குடும்பங்களின் பிள்ளைகள் இந்தப் பிழைக்குத் தங்கள் முதுகையும் மூச்சையும் விலையாகக் கொடுக்கிறார்கள். இதை வன்மையாகக் கண்டிக்கிறோம். உடனே திருத்த வேண்டும் என்கிறோம்.

எக்ஸ்ரேயில் வளைவை அளக்கும் கோப் கோணம் 10 பாகையை எட்டினால் அது ஸ்கோலியோசிஸ். வளரிளம் பருவத்தினரில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேருக்கு இது காணப்படுகிறது. பெரும்பாலோருக்கு லேசான வளைவோடு நின்றுவிடும். பத்து வயதுக்குள் வருவது எண்ணிக்கையில் குறைவு, ஆபத்தில் அதிகம். முதல் ஐந்து ஆண்டுகளில்தான் முதுகுத்தண்டு மிக வேகமாக வளர்கிறது. நுரையீரலின் காற்றறைகள் பெருகுவதும் குழந்தைப் பருவத்தில்தான். வளைவு விலாக்கூட்டையும் சேர்த்து முறுக்குவதால், கவனிக்காமல் விட்ட குழந்தைக்குப் பின்னாளில் மூச்சுவிடுவதே சிரமமாகலாம். ஒரு தோள் உயர்ந்திருக்கும், ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு துருத்தும், சட்டை எப்போதும் ஒரு பக்கமே இறங்கும். பெரும்பாலும் வலி இருக்காது. வலியில்லாத நோய்க்காக ஒரு நாள் கூலியை இழக்க ஏழை வீட்டில் யாரும் துணிவதில்லை.

காலத்தில் கவனித்தால் பலன் உண்டா என்பதில் ஊகத்துக்கு இடமில்லை. இங்கிலாந்தின் ராயல் நேஷனல் ஆர்த்தோபீடிக் மருத்துவமனையில் பணியாற்றிய மின் மேத்தா, வளைவு கூடிக்கொண்டே போன 136 குழந்தைகளுக்கு மாவுக்கட்டுச் சிகிச்சை அளித்து, 2005-இல் முடிவுகளை வெளியிட்டார். சராசரியாக 1 வயது 7 மாதத்தில் சிகிச்சைக்கு வந்த 94 குழந்தைகளுக்குச் சராசரி மூன்றரை வயதுக்குள் வளைவு நீங்கியது. சராசரியாக இரண்டரை வயதில், வளைவு 52 பாகையை எட்டிய பிறகு வந்த 42 பேருக்கு அதைக் குறைக்க முடிந்ததே தவிர நீக்க முடியவில்லை. அவர்களில் 15 பேருக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. இந்த இரு குழுவினரும் சிகிச்சைக்கு வந்த சராசரி வயதில் இருந்த வேறுபாடு பதினோரு மாதம்.

பெரிய பிள்ளைகளுக்கும் சான்று உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. பிரேஸ் அணிந்தவர்களில் 72 விழுக்காட்டினருக்கு வளைவு 50 பாகையை எட்டாமல் நின்றது. அணியாமல் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் இது 48 விழுக்காடு. நாளுக்குச் சராசரியாக 13 மணி நேரமும் அதற்கு மேலும் அணிந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் பலன் கிட்டியது. பலன் தெளிவாகிவிட்டதால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நம் திட்டங்கள் மூன்று இடங்களில் தவறுகின்றன.

முதலாவது, கண்டுபிடிப்பதில். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம், பிறந்த குழந்தை முதல் 18 வயதுவரை உள்ளவர்களிடம் சுமார் முப்பது குறைபாடுகளைத் தேடச் சொல்கிறது. வளைபாதம் பட்டியலில் உண்டு; இடுப்பு மூட்டுக் குறைபாடு உண்டு; சொத்தைப்பல்லும் உண்டு. ஸ்கோலியோசிஸ் இல்லை. பட்டியலில் இல்லாத நோயைப் பள்ளிக்கு வரும் குழு தேடாது.

இரண்டாவது, கருவி தருவதில். மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணம் வழங்கும் ஒன்றிய அரசின் அடிப் (ADIP) திட்டம் 40 விழுக்காடு குறைபாட்டுச் சான்றிதழ் கேட்கிறது. 25 பாகை வளைவோடு ஓடியாடும் பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்காது. ஆனால் பிரேஸ் நன்றாக வேலை செய்வது அந்தக் கட்டத்தில்தான். குறைபாட்டைத் தடுக்கும் கருவியைப் பெற முதலில் குறைபாட்டை அடைந்து வா என்று சொல்லும் விதி அநீதியானது.

மூன்றாவது, காப்பீட்டில். ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் மருத்துவமனையில் படுக்கையில் சேர்ந்தால்தான். புறநோயாளியாக வந்து அளவு கொடுத்துச் செய்யும் பிரேசுக்கும், வாரந்தோறும் தேவைப்படும் பிசியோதெரபிக்கும் அதில் இடமில்லை. அளவெடுத்துச் செய்யும் பிரேஸ் பல ஆயிரம் ரூபாய். குழந்தை வளர வளர அது சிறுத்துப்போகும். மறுபடி செய்ய வேண்டும். இந்தச் செலவை மிச்சம் பிடிப்பதாக நினைக்கும் அரசு, பின்னர் சிறு குழந்தையின் முதுகில் உலோகக் கம்பி பொருத்தவும், வளர்ச்சிக்கேற்ப அதை நீட்டச் சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் அறுவை செய்யவும் செலவழிக்க நேரும். பணக்கணக்குப்படி பார்த்தாலும் இது மடமை.

இந்த நகரத்தில் திறமைக்குக் குறைவில்லை. பரேலில் வாடியா குழந்தைகள் மருத்துவமனையும் கே.இ.எம். மருத்துவமனையும் இருக்கின்றன. ஹாஜி அலியில் 1955 முதல் ஒன்றிய அரசின் உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனம் இயங்குகிறது. ஆனால் பிரேஸ் ஒருமுறை வாங்கிப் போட்டுவிடும் பொருளன்று. அளவெடுக்க ஒரு நாள், பொருத்த ஒரு நாள், அணிந்தபடி எக்ஸ்ரே எடுத்து அழுத்தப் பட்டைகளைச் சரிசெய்ய இன்னொரு நாள், பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை. ஒவ்வொரு முறையும் காட்கோபரிலிருந்து தாதர் போய், ரயில் மாறி, மகாலட்சுமியில் இறங்க வேண்டும் என்றால், வீட்டு வேலைக்குப் போகும் தாய் எத்தனை முறை விடுப்பு கேட்பாள்? தகரக் கூரையின் கீழ், மே மாத வெக்கையிலும் ஆடி மழைப் புழுக்கத்திலும் நெஞ்சை இறுக்கிய பிளாஸ்டிக்கோடு இருக்கும் குழந்தைக்கு வியர்வையில் தோல் புண்ணாகும். உள்ளே பருத்திப் பனியன் போடவும், புண்ணைக் கவனிக்கவும், மூச்சுப் பயிற்சி சொல்லித்தரவும் பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் பிரேஸ் பரணுக்குப் போய்விடும். அப்போது தாயைக் குறை சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது.

மருத்துவத் துறையினரையும் கடைக்காரர்களையும் கண்டிக்காமல் விட முடியாது. நிமிர்ந்து நிற்க வைக்கும் என்று விற்கும் துணி பெல்ட் பிரேஸ் ஆகாது. அது வளைவைத் தடுப்பதில்லை, காலத்தை விழுங்குகிறது. உடற்பயிற்சி மட்டுமே சிறு குழந்தையின் முற்றும் வளைவை நேராக்கும் என்று வாக்களிப்பவர்களும் அதே தவறைச் செய்கிறார்கள். பிசியோதெரபி பிரேசுக்குத் துணை நிற்க வேண்டியது. அதன் இடத்தைப் பிடிக்க வேண்டியதன்று. “வளர வளர சரியாகிவிடும்” என்று அளக்காமலே அனுப்பும் மருத்துவரும் பொறுப்பாளிதான். கைக்குழந்தைகளில் பலருக்கு வளைவு தானே மறைவது உண்மை. எந்த வளைவு மறையும், எது முற்றும் என்பதை விலா எலும்புகளின் கோணத்தைக் கொண்டு பிரித்தறிய மின் மேத்தா 1972-இலேயே வழி சொல்லிவிட்டார். காத்திருப்பதானால் எக்ஸ்ரேயோடும் அடுத்த தேதியோடும் காத்திருக்க வேண்டும். பிறவியிலேயே முள்ளெலும்பு உருக்குலைந்த குழந்தைகளுக்குப் பிரேஸ் பெரும்பாலும் உதவாது. அவர்களைச் சீக்கிரம் நிபுணரிடம் சேர்ப்பதற்கும் முதலில் கண்டுபிடித்தாக வேண்டும்.

எல்லாப் பிள்ளைகளையும் சோதிக்கப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018-இல் சொன்னதை அதிகாரிகள் சுட்டிக்காட்டக்கூடும். சோதனையை வேண்டாம் என்று அக்குழு சொல்லவில்லை. பிரேஸ் வளைவு முற்றுவதைக் குறைக்கலாம் என்பதற்குப் போதிய சான்று இருப்பதை அதே அறிக்கை ஏற்றுக்கொள்கிறது. நாம் புதிய துறை எதுவும் கேட்கவில்லை. பள்ளிக்கு ஏற்கெனவே வரும் குழு, பிள்ளையை முன்னோக்கிக் குனியச் சொல்லி முதுகைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

எனவே எங்கள் கோரிக்கைகள் இவை. ஒன்று: ஒன்றிய சுகாதார அமைச்சகம் குழந்தைகள் பரிசோதனைப் பட்டியலில் ஸ்கோலியோசிஸைச் சேர்க்க வேண்டும். இரண்டு: 18 வயதுக்குட்பட்டோரின் முதுகுப் பிரேசுக்கு 40 விழுக்காடு சான்றிதழ் விதியை நீக்கி, மருத்துவரின் சீட்டும் எக்ஸ்ரேயும் போதும் என்று ஆக்க வேண்டும். மூன்று: மகாராஷ்டிர அரசு தன் காப்பீட்டுத் திட்டத்தில் மாவுக்கட்டு, பிரேஸ், அதை மாற்றும் செலவு, பிசியோதெரபி நான்கையும் புறநோயாளிகளுக்கும் வழங்க வேண்டும். நான்கு: மாநகராட்சி, காட்கோபர் ராஜாவாடி மருத்துவமனையில் நிலையான நாளில் குழந்தைகள் முதுகுத்தண்டு பிரிவு நடத்த வேண்டும், பிரேஸ் வல்லுநரும் பிசியோதெரபிஸ்ட்டும் அங்கே வர வேண்டும். ஐந்து: தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் பள்ளி நடத்தும் மாநகராட்சி, அந்த மொழிகளிலேயே பெற்றோருக்கு அடையாளங்களை எழுதித் தர வேண்டும். வளைவு முற்றும் ஆபத்து பெண்பிள்ளைகளுக்கே அதிகம். அவர்களைப் பெண் ஊழியர்கள் தனியறையில் சோதிக்க வேண்டும். பிரேஸ் அணிந்து வரும் பிள்ளையைக் கேலியிலிருந்து காப்பது தலைமையாசிரியரின் கடமையாக எழுத்தில் வர வேண்டும்.

பள்ளிகள் திறக்கும் வரும் ஜூனுக்குள் மாநகராட்சியும் மாநில அரசும் தங்கள் பங்கைச் செய்துவிட முடியும்; அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை, ஓர் ஆணை போதும். அந்த ஆணை தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒரு குழந்தை பிரேசால் தடுக்கக்கூடிய எல்லையைக் கடந்துவிடுகிறது. அந்தக் குழந்தைக்கு நேரும் கேட்டுக்கு, தெரிந்தும் செய்யாதவர்களே பதில் சொல்ல வேண்டும்.